வயலில் கிடை மறிப்பது எப்படி: இராமநாதபுரக் கடலோர உழவருக்கும் மந்தை வைப்போருக்கும்

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி வழியாக மூக்கையூர் வரை நீளும் இராமநாதபுரக் கடலோரத்தில் நிலம் ஊருக்கு ஊர் மாறுகிறது. கடலை ஒட்டி மணல், சற்று உள்ளே உவர் ஏறிய களி, கடலாடி, முதுகுளத்தூர்ப் பக்கம் போனால் கரிசல். மண்ணில் மக்கு குறைவு என்ற குறை மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. வடகிழக்குப் பருவமழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம் எடுக்கும் உழவர், தொழு உரத்தை விலை கொடுத்து வாங்கி, வண்டி வாடகையும் கொடுத்து, ஆள் வைத்து இறைப்பதென்றால் கட்டுப்படியாகாது. அறுவடை முடிந்த வயலில் செம்மறி மந்தையை இரவில் அடைத்துப் புழுக்கையையும் மூத்திரத்தையும் நேரே மண்ணில் சேர்க்கும் கிடை இந்த மாவட்டத்தில் இன்றும் நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம். நிலத்தில் கிடை வைக்க நினைக்கும் உழவருக்கும், குடும்பத் தொழிலாகவோ புதிதாகவோ மந்தையோடு இறங்கும் இளைஞருக்கும் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். கிடையைத் தலைக்கணக்கில் பேசுவதே வழக்கம். இத்தனை ஆடு, இத்தனை இரவு, இத்தனை ரூபாய் என்று பேசி முடித்துவிடுகிறார்கள். ஆனால் வயலில் விழும் உரத்தின் அளவையும் தரத்தையும் முடிவு செய்வது அந்த ஆடுகள் பகலில் எங்கே, எவ்வளவு மேய்ந்தன, எத்தனை முறை தண்ணீர் குடித்தன என்பதுதான். வயிறு ஒட்டிய ஐநூறு ஆட்டைவிட வயிறு நிறைந்த முந்நூறு ஆடு நிலத்துக்கு நல்லது. இனிச் சொல்லப்போகும் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வகையில் இந்த வயிற்றுக் கணக்கில்தான் வந்து முடியும்.

கிடை தரும் உரம்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் அளவின்படி ஆட்டு எருவில் தழைச்சத்து (நைட்ரஜன்) 3 விழுக்காடு, மணிச்சத்து (பாசுபரசு) 1 விழுக்காடு, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 2 விழுக்காடு இருக்கிறது. நன்கு மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து அரை விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். இந்த வேறுபாட்டைவிடப் பெரியது மூத்திரத்தின் கணக்கு. பட்டியில் ஆட்டைக் கட்டிவைத்துப் புழுக்கையை மட்டும் கூட்டி அள்ளி வயலுக்குக் கொண்டுவந்தால் மூத்திரம் முழுவதும் பட்டித் தரையோடு போய்விடுகிறது. தழைச்சத்தின் பெரும்பங்கும் சாம்பல்சத்தும் அதில்தான் இருக்கின்றன. கிடையில் அது விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறங்குகிறது.

‘ஆடு பயிர் காட்டும், ஆவிரை கதிர் காட்டும்’ என்ற சொலவடை கிடையின் பலத்தையும் அதன் எல்லையையும் சேர்த்தே சொல்கிறது. ஆட்டு எருவில் பயிர் கருகருவென்று எழும்பும். கதிர் திரள அது மட்டும் போதாது. கிடை வைத்த வயலில் ஆவாரை, கொழுஞ்சி, வேம்பு ஆகியவற்றின் தழையையும் மிதித்து உழுதால்தான் வளர்ச்சி மணியாக மாறும். கிடை வைத்தாயிற்று என்று வேறெதையும் செய்யாமல் விட்டவர் நிலத்தில் நெல் தழைத்துச் சாய்வதைக் காணலாம். அதைவிட மோசம், கிடை வைத்த வயலில் வழக்கமான அளவு யூரியாவையும் போடுவது. முதல் மேலுரத்தைத் தள்ளிவைத்து, பயிரின் நிறத்தைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

எத்தனை ஆடு, எத்தனை இரவு

வளர்ந்த செம்மறி ஒன்று நெருக்கமில்லாமல் படுக்க ஏறத்தாழ 10 சதுர அடி வேண்டும். 400 ஆடு உள்ள கிடை ஓர் இரவில் 4,000 சதுர அடியை, அதாவது ஏறத்தாழ 9 சென்ட் நிலத்தை மூடும். ஒரு ஏக்கரை ஒரு சுற்று முடிக்க 11 இரவு ஆகும். ஆடொன்று ஓர் இரவில் 300 கிராம் அளவுக்குப் புழுக்கை போடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு 1,300 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக ஈரப் புழுக்கையும் அதற்குரிய மூத்திரமும் சேரும். 200 ஆடு என்றால் நாள் இரட்டிப்பாகும். பல வருடம் எருவே காணாத நிலத்தில் ஒரே இடத்தில் இரண்டு இரவு வைக்கலாம்; மூன்றாம் இரவு வைப்பது வீண். முதல் இரண்டு நாள் புழுக்கையையும் ஆடுகள் மிதித்துச் சேறாக்கிவிடும், ஆட்டின் குளம்புக்கும் கெடுதல்.

இடம் போதவில்லை என்று 5 சதுர அடிக்கு ஓர் ஆடு வீதம் நெருக்கி அடைத்தால் உரம் கூடும் என்று எண்ணுவோர் உண்டு. சினை ஆடுகள் இடிபட்டுக் குட்டி கலையும். கோடை இரவில் புழுக்கம் தாங்காமல் ஆடுகள் மேல்மூச்சு வாங்கும். அந்தச் சேதத்துக்குக் கிடையின் தலைவரான கீதாரி மறுநாளே கிடையைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார், அது நியாயமும்கூட.

எந்த மாதத்தில் வைப்பது

கடலோர வட்டங்களில் ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசிக்குள் புழுதியில் நெல் விதைத்து, தை, மாசியில் அறுக்கிறார்கள். இடைப்பட்ட ஆறேழு மாதமும் கிடைக்குரிய காலம்தான். என்றாலும் இதன் இரு முனைகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை உழவர்கள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மாசி, பங்குனியில் மேய்ச்சல் செழிப்பு. அறுத்த தாளில் துளிர் இருக்கும், வரப்பில் புல் இருக்கும், கண்மாய்க்குள் நாட்டுக்கருவேலங்காய் உதிரத் தொடங்கும், கண்மாயிலும் ஊருணியிலும் தண்ணீர் மிச்சம் இருக்கும். ஆட்டின் வயிறு நிறைந்திருப்பதால் எருவும் நிறைவு. ஆனால் அதற்குப் பின் விதைப்பு வரை நிலம் வெயிலில் கிடக்க வேண்டும். மூத்திரத்திலுள்ள தழைச்சத்து அம்மோனியாவாக மாறிக் காற்றோடு போகும். கிடை எழுந்த வயலில் காலையில் மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். ஆவணியில் வைத்தால் இந்த இழப்பு குறைவு, உழுது உடனே விதைத்துவிடலாம். ஆனால் அப்போது கண்மாய் வறண்டு, தரை வெடித்து, மேய்ச்சல் அற்றுப்போயிருக்கும். ஆடு நாள் முழுதும் அலைந்து அரை வயிற்றோடு வரும்.

அறுவடைக்குப் பின் மண்ணில் ஈரம் இருந்து, கிடை எழுந்த மறுநாளே மேலாக உழ முடிகிற வயல் என்றால் மாசியில் வைப்பதே நல்லது என்பது என் முடிவு. களி இறுகி, கோடை மழை வரும்வரை ஏர் இறங்காத வயலில் மாசிக் கிடை பாதி வீண். அத்தகைய நிலத்துக்கு, மேய்ச்சல் குறைவானாலும், ஆடி இறுதியிலும் ஆவணியிலும் வைக்க வேண்டும். தஞ்சை, நாகை, திருவாரூர்ப் பக்கம் சம்பா அறுவடைக்குப் பின் போன நம் மாவட்டத்து மந்தைகளும் அங்கே வயல்களில் மீண்டும் பயிர் ஏறியதும் ஊர் திரும்பிவிடுவதால், அப்போது கிடைக்குத் தட்டுப்பாடு இருக்காது. உச்சிப்புளி, மண்டபம் போன்ற மணற்பாங்கான ஊர்களில் மாசிக் கிடையே வேண்டாம். மணலில் சத்து நிற்காது, முதல் பெருமழையில் கீழே இறங்கிவிடும். அங்கே வட்டாட்சியரிடம் அனுமதி பெற்றுக் கண்மாயில் படிந்த வண்டலான கரம்பை மண்ணை முதலில் அடித்துப் பரப்பி, அதன்மேல் விதைப்பை ஒட்டிக் கிடை வைத்தால் புழுக்கைச் சத்தைக் கரம்பை பிடித்து வைத்துக்கொள்ளும். மிளகாய் நிலத்துக்கும் விதைப்புக்கு முந்தைய கிடைதான் ஏற்றது. 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் விளையும் கரிசல் காடுகளில் ஒரு சுற்றே போதும். மிகுந்தால் செடி இலையாகவே நிற்கும்.

கீதாரியோடு பேசி முடிப்பது

பல குடும்பத்து ஆடுகள் சேர்ந்த கிடைக்குத் தலைவர் கீதாரி. எந்த ஊருக்குப் போவது, எந்த வயலில் இறங்குவது, கூலி எவ்வளவு என்பதெல்லாம் அவர் வாக்கு. கிடையிலுள்ள ஆடுகளை அவரவர் காது வெட்டு அடையாளத்தைக் கொண்டு பிரித்துக்கொள்வார்கள். உழவர் அதில் தலையிட வேண்டியதில்லை. பேச்சைக் கீதாரியோடு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மேய்ப்பவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேரம் பேசுவது மரியாதைக் குறைவு, காரியமும் ஆகாது.

பேசும்போது ஆட்டின் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன் மேய்ச்சலைக் கேளுங்கள். “இன்னைக்கு எந்தப் பக்கம்ணே மேச்சீக, தண்ணி எங்க காட்டுனீக?” என்ற இரண்டு கேள்விக்கு வரும் பதிலே கிடையின் பெறுமானத்தைச் சொல்லிவிடும். சொல்லை மட்டும் நம்பாமல் மாலையில் மந்தை திரும்பும்போது அதன் பின்னால் நின்று பார்க்கலாம். ஆட்டின் இடது விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டு. நன்றாக மேய்ந்த ஆட்டில் அது நிரம்பி வெளியே தள்ளியிருக்கும். பட்டினி ஆட்டில் உள்ளங்கையை வைத்து மூடலாம் போலக் குழிந்திருக்கும். மந்தையில் பாதி ஆடு குழிந்து வந்தால் கூலியைக் குறைக்கச் சொல்வதைவிட, உங்கள் பக்கத்து மேய்ச்சலை அவருக்குக் காட்டித் தருவது இருவருக்கும் லாபம். அறுத்த வயல்களில் மேய அண்டை நிலத்துக்காரரிடம் சொல்லி வைப்பதும், ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட ஊருணியையோ கிணற்றையோ ஏற்பாடு செய்வதும் உழவர் பொறுப்பாக இருக்கட்டும். கடலோரத்தில் கிணற்று நீர் பல இடங்களில் உவர்; செம்மறி கொஞ்சம் உவரைத் தாங்கும் என்றாலும், வாயில் வைத்துப் பார்த்து நாமே துப்பும் நீரை ஆட்டுக்குக் காட்டினால் அது குறைவாகக் குடிக்கும், குறைவாகவே மேயும்.

கூலி முன்பு நெல்லாக அளக்கப்பட்டது. இப்போது பெரும்பாலும் இரவுக்கு இவ்வளவு என்று ரொக்கம், அதோடு மேய்ப்பவர்களின் சாப்பாட்டுக்கு அரிசி. எந்த நாளில் எந்த வயல், மழை வந்து கிடை இறங்க முடியாத இரவுக்குக் கூலி உண்டா, அடுத்தவர் பயிரில் ஆடு வாய் வைத்தால் யார் ஈடு தருவது, கிடை நடக்கும்போது ஈன்ற குட்டி யாருக்கு ஆகிய நான்கையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் எப்போதும் ஒன்றுதான், குட்டி ஆட்டுக்காரருக்கு. பயிர்ச் சேதம் மேய்ப்பவரைச் சேரும், ஆனால் வேலியில்லாத நாற்றங்காலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை அவரிடம் சொல்லாமல் விட்ட உழவருக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த ஏற்பாடு நம் பக்கத்துக்கு மட்டும் உரியதன்று. மகாராட்டிரத்தில் சாத்தாரா, சாங்கிலி, புணே போன்ற மாவட்டங்களின் மழை குறைந்த பகுதிகளில் வாழும் தங்கர் என்னும் மேய்ச்சல் குடியினர், மழைக்காலம் முடிந்ததும் தக்காணி ஆடுகளோடு சகியாத்திரி மலையைக் கடந்து கொங்கணக் கடலோரத்துக்கு இறங்குகிறார்கள். நெல் அறுத்த வயல்களில் இரவில் மந்தையை அடைத்து, அதற்குத் தானியமும் பணமும் பெற்று, சூன் மாதத்துப் பருவமழை கொட்டுவதற்கு முன் மேட்டு நிலத்துக்குத் திரும்பிவிடுவார்கள். கொங்கண மழையின் ஈரம் அந்த ஆட்டின் குளம்புக்கும் உடலுக்கும் ஆகாது. ஒரே குடும்பம் ஒரே ஊருக்கு ஆண்டுதோறும் வருவதால் உழவருக்கும் மேய்ப்பருக்கும் இடையே தலைமுறை உறவு இருக்கும். (இந்தூரை 1767 முதல் 1795 வரை ஆண்ட அகில்யாபாய் ஓல்கர் அந்தக் குடியில் பிறந்தவர். நம் இராமேசுவரத்திலும் அவர் அறப்பணி செய்திருக்கிறார் என்பதை இந்த மாவட்டத்தார் பலர் அறியார்.)

தங்கரோடு ஒப்பிட்டால் நம் கீதாரிக்கு ஒரு வரும்படி குறைவு, அதை உழவர் மனத்தில் கொள்ள வேண்டும். தக்காணி ஆடு கம்பளி தரும். அதைக் கத்தரித்து நெய்யும் கோங்கடி என்ற முரட்டுக் கம்பளி அவர்களுக்குப் போர்வை, விற்பனைக்கும் சரக்கு. இங்குள்ள இராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூர் ஆகிய மூன்று இனமும் மயிர் ஆடுகள், கம்பளி இல்லை. பாலும் குட்டிக்கு மட்டுமே போதும். குட்டி விற்ற பணமும் கிடைக்கூலியும்தான் குடும்பத்தின் இரு கால்கள். கூலியை அடிமாட்டு விலைக்கு இறக்கினால், பஞ்சத்தில் அவர் தாய் ஆட்டை விற்பார். மூன்று வருடத்தில் அந்த ஊருக்குக் கிடை வராது.

கிடை இறங்கும் இரவு

வயலில் மேடான பகுதியிலிருந்து தொடங்க வேண்டும். மேட்டில் விழுந்த எருவின் சத்து மழையில் தாழ்வுக்கு வந்து சேரும். தாழ்வில் விழுந்தது மேட்டுக்கு ஏறாது. மண்கட்டியும் முள்ளும் நிறைந்த வயலை முந்தின நாளே ஒருமுறை மேலாகக் கீறிவிட்டால் மூத்திரம் ஓடாமல் இறங்கும், ஆடும் சுகமாகப் படுக்கும். சீமைக்கருவேல முள் கிடந்தால் கட்டாயம் பொறுக்கிவிட வேண்டும். குளம்பின் நடுவே முள் ஏறிய ஆடு மறுநாள் மேயாது.

நைலான் வலையைக் கம்பு ஊன்றிக் கட்டுவதே இப்போதைய வழக்கம். கம்புக்குக் கம்பு நாலு எட்டுத் தூரம் இருக்கட்டும். வலையின் கீழ்விளிம்பு தரையில் படிய, கல்லோ மண்ணோ வைத்து அழுத்த வேண்டும், இல்லையென்றால் குட்டிகள் நுழைந்து வெளியேறும். பகலில் தாய் ஆடுகள் மேயப் போகையில் பால்குட்டிகளைக் கவிழ்த்து அடைத்து வைக்கும் கூடாப்பை, பனையோலையால் வேய்ந்து ஒருவர் இருவர் தூக்கி நகர்த்தும்படி செய்வார்கள். அதைக் கிடைக்குக் காற்று வரும் திசையிலேயே வைக்க வேண்டும். எதிர்த் திசையில் வைத்தால் அம்மோனியா நெடி முழுவதும் குட்டிகளின் மூக்கில்தான் ஏறும், சளி பிடிக்கும். கடலோரத்தில் பகலில் கடல்காற்றும் இரவில் நிலக்காற்றும் மாறி வீசுவதால், பகலில் சரியாக இருந்த இடம் இரவில் தவறாகிவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆடு படுத்திருக்கும்போது அதிகம் கழிப்பதில்லை. எழுந்து நின்றதும் மூத்திரமும் புழுக்கையும் விடும். ஆகவே நல்ல கிடைக்காரர் நள்ளிரவில் ஒருமுறை, விடியலுக்கு முன் ஒருமுறை ஆடுகளைக் குரல் கொடுத்து எழுப்புவார். சிலர் அந்த நேரத்தில் வலையின் ஒரு பக்கத்தைப் பெயர்த்து மந்தையைப் பக்கத்துத் துண்டுக்கு நகர்த்திவிடுவர். ஒரே இரவில் இரு துண்டுக்கு எரு சேரும். இதற்குத் தூக்கம் கெடும். ஆகவே எழுப்புவது உண்டு என்று பேசி, அதற்கு ஒரு வேளைச் சாப்பாடோ சிறு தொகையோ கூட்டிக் கொடுப்பது முறை. எழுப்பிய உடனே விரட்டக் கூடாது. நாலைந்து நிமிடம் நின்ற இடத்தில் நிற்க விட வேண்டும்.

காவலுக்கு நாய் வேண்டும். நரியைவிடத் தெருநாய்க் கூட்டமும், வாகனத்தில் வந்து ஆட்டைத் தூக்கிச் செல்லும் திருடரும்தான் இப்போது பெரிய தொல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய வயல் என்றால் கிடையைச் சாலையிலிருந்து தள்ளி உள்ளே போடுவது நல்லது.

காலையில் கிடை எழுந்து போன இடத்தில் உழவர் தாமே குனிந்து ஒரு பிடி புழுக்கையை அள்ளிப் பார்க்க வேண்டும். நன்றாக மேய்ந்த ஆட்டின் புழுக்கை கருத்து, மேலே மினுமினுப்போடு, விரலிடையில் உருட்டினால் உருளும் பதத்தில் இருக்கும்; பிட்டால் உள்ளே அரைபட்ட பசும்பழுப்புத் தெரியும். மேய்ச்சலும் தண்ணீரும் போதாத ஆட்டினுடையது சிறுத்து, மங்கி, கல் போல் இறுகிக் கிடக்கும். உருளாமல் கட்டியாகவோ கூழாகவோ விழுந்திருந்தால் குடற்புழு, அல்லது முந்தின நாள் இளம்புல்லில் மேய்ந்திருக்கிறது. இது கூலி பேரத்துக்கான சோதனை இல்லை. கீதாரியிடம் அன்றே சொன்னால் அவர் மேய்ச்சலை மாற்றுவார், மருந்து கொடுப்பார்.

கிடை எழுந்த பின் நிலத்தில் செய்ய வேண்டியது

முதல் வேலை உழவு. பொழுது ஏறுவதற்குள், முடியாவிட்டால் மறுநாளுக்குள், மூன்று நான்கு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் கீறி மூட வேண்டும். ஆழமாக உழுதால் எரு வேருக்குக் கீழே போய்விடும். உழாமல் விட்டால் வெயிலில் காய்ந்து, கோடைக் காற்றில் புழுக்கை உருண்டு வரப்போரம் சேரும். ஒவ்வொரு நாளும் 9 சென்ட் உழ டிராக்டர் வராது என்பது உண்மை. மாடு வைத்திருப்பவருக்குக் கவலையில்லை. மற்றவர் மூன்று நாளுக்கு ஒருமுறை உழுவதென்று வைத்து, அதுவரை கிடை எழுந்த இடத்தில் மூடாக்காக வைக்கோலோ வேப்பந்தழையோ பரப்பிவைக்கலாம்.

அடுத்தது பலரும் மறக்கும் ஒன்று, சீமைக்கருவேல விதை. மந்தைகள் சீமைக்கருவேலங்காயை விரும்பித் தின்னும். நெற்றில் சர்க்கரை உண்டு, ஆடும் கொழுக்கும். ஆனால் விதைகளில் ஒரு பகுதி செரிக்காமல், ஓடு இளகி, முளைப்பதற்குத் தயாராகப் புழுக்கையோடு வெளியே வரும். அதாவது கிடை எருவோடு உங்கள் வயலில் முள்மரமும் விதைக்கப்படுகிறது. அதற்காகக் கிடையைத் தவிர்க்க வேண்டியதில்லை. மாசிக் கிடை வைத்த வயலில் கோடை மழைக்குக் கன்றுகள் முளைக்கும், விதைப்பு உழவில் அவை மாண்டுவிடும். இது மாசிக் கிடைக்குள்ள மறைவான நன்மை. ஆடியில் வைத்த வயலில்தான் ஆபத்து. முளைப்பது நெல்லோடு முளைக்கும். களை எடுக்கும்போது இரண்டிலைக் கன்றாகப் பிடுங்கிவிட்டால் தொல்லையில்லை, கார்த்திகை தாண்டினால் வேர் ஆழம் போய்விடும்.

உவர் நிலத்தில் கிடை வைப்போர் அளவோடு வைக்க வேண்டும். மூத்திரத்திலும் உப்பு உண்டு. உவர் பூத்து வெள்ளை படர்ந்த துண்டில் ஒரே இரவு போதும், அதுவும் மழை நீர் தேங்கி உப்பு கழுவப்படும்படி வரப்பை உயர்த்திய பிறகு.

மந்தை வைப்போர் கவனத்துக்கு

புதிதாக இறங்குவோர் ஒரேயடியாக நானூறு ஆடு வாங்கக் கூடாது. நாற்பது ஐம்பது பெட்டை ஆடும், அதற்கு இரண்டு பொலிகிடாவும் வாங்கி, அனுபவமுள்ள கீதாரியின் கிடையில் சேர்த்து மேய்ப்பதே பாதுகாப்பு. சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். மழையும் குளிரும் உச்சத்திலிருக்கும் கார்த்திகையில் குட்டி விழாதபடி கிடாயைச் சேர்க்கும் மாதத்தைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கிடாயையே மூன்று நாலு வருடம் வைத்திருந்தால் அதன் மகள்களோடே சேரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேறு கிடையோடு மாற்றிக்கொள்வது நல்லது.

மேய்ச்சலில் மூன்று இடத்தில் எச்சரிக்கை வேண்டும். அறுத்த அன்றே வயலில் விட்டால் உதிர்ந்த நெல்மணியை ஆடுகள் அளவு மீறித் தின்று வயிறு உப்பிச் சாகும். காலையில் புல்லில் மேயவிட்டு, அரை வயிறு நிறைந்த பின் சிறிது நேரம் மட்டும் விட வேண்டும். கண்மாய் ஓரத்தில் ஊதாப்பூப் பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு நஞ்சு. வறட்சியில் வேறு பச்சை இல்லாதபோது ஆடு அதில் வாய் வைக்கும். தண்ணீரின்றி வாடிய இளஞ்சோளப் பயிரும் அப்படியே. இவை தவிர, கருவேலங்காய் ஏலம் போன கண்மாயில் ஏலம் எடுத்தவரைக் கேட்காமல் மேய்த்தால் சண்டை வரும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகிய பறவைகள் சரணாலயக் கண்மாய்களுக்குள் மந்தையை இறக்கவே கூடாது. வனத்துறை அபராதம் ஒரு பக்கம் இருக்க, கூடு கட்டும் பறவைகளும் கலையும்.

மழைக்காலத்துக்கு முன் குடற்புழு நீக்கமும் துள்ளுமாரித் தடுப்பூசியும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆட்டுக்கொல்லித் தடுப்பூசியும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசியும் போட்டாக வேண்டும். ஐப்பசி முதல் தை வரை நீலநாக்கு நோய் பரவும் காலம். கொசுவைவிடச் சிறிய கடிபூச்சிகள் அதைக் கொண்டுவருவதால், அந்த மாதங்களில் தேங்கிய நீருக்கு அருகில் கிடை போடக் கூடாது. மாலையில் வேப்பந்தழைப் புகை போடுவது உதவும். முகம் வீங்கி, காய்ச்சலோடு நொண்டும் ஆட்டை உடனே பிரித்துவிட்டுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். நோய் கண்ட மந்தையை அதை மறைத்து அடுத்த ஊர் வயலுக்கு ஓட்டிப்போகும் கிடைக்காரரை எந்த ஊரும் மறுபடி அழைக்காது.

கிடை முடியும் காலையில் கூலியை வயலில் வைத்தே, கீதாரியின் கையில் கொடுத்துவிட வேண்டும். பின்னால் தருகிறேன் என்றால், அதை வாங்க அவர் மந்தையை விட்டுவிட்டு நடக்க வேண்டியிருக்கும். கிடை எந்த மூலையில் நின்றது என்பதற்கு வரப்பில் ஒரு கல் நட்டுவைத்து, அடுத்த ஆண்டு அங்கிருந்து தொடங்கச் சொல்லிவிட்டால், எரு கண்ட துண்டே மீண்டும் எரு காணாமல் விடுபட்ட பகுதிக்கும் முறை வரும்.